மூன்று அங்குலத்தில் ஒரு சிவப்புக் கோடு

முதல் நாள் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைப் பார்த்தார். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. நெற்றிக்கு மேலே முடி கொஞ்சம் பின்வாங்கத் தொடங்கியிருந்தது. அது எனக்கும் என் சீப்புக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

"போய்க்கிட்டிருக்கு," என்றார். "மாசத்துக்கு எவ்வளவுன்னு அளந்து பார்த்திருக்கீங்களா தம்பி?"

இல்லை என்றேன்.

"போறது தப்பில்ல. எவ்வளவு போகுதுன்னு தெரியாம இருக்கிறதுதான் தப்பு." சொல்லிவிட்டு, காத்திருந்த லோரிக்குக் குழாய் மாட்டப் போய்விட்டார்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவருடைய தங்கை செராஸிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, அண்ணனைப் பற்றி எழுதியதற்கு நன்றி சொல்லிவிட்டு, எதையெல்லாம் தப்பாக எழுதியிருக்கிறேன் என்று ஒரு மணி நேரம் விளக்குவார். அவர் குடும்பத்தில் எல்லோருமே துல்லியமானவர்கள்.

கிள்ளானிலிருந்து காப்பார் போகும் சாலையில் இருந்தது எங்கள் தொழிற்சாலை. காற்றைப் பிடித்து, குளிரவைத்து, திரவ ஆக்சிஜனாகவும் திரவ நைட்ரஜனாகவும் பிரித்து விற்றோம். மூலப்பொருள் காற்று என்பதால், சரக்கு வரவில்லை என்ற சாக்கு எங்களுக்குக் கிடையாது. நான் லோரிகளை அனுப்பும் பிரிவில் குமாஸ்தா. அவர் நிரப்பும் பகுதிக்கு சூப்பர்வைசர். முப்பது வருடமாக, சுழியத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூறு சொச்சம் டிகிரியில் இருக்கும் திரவத்தை, சுழியத்துக்கு மேலே முப்பத்து நாலு டிகிரியில் கொதிக்கும் கிள்ளானில் காவல் காத்தவர். எவ்வளவு நல்ல டாங்கியில் வைத்தாலும் அந்தத் திரவம் நாள் முழுக்க ஆவியாகி, மேலே இருக்கும் வால்வு வழியாகப் புகைந்து போய்க்கொண்டே இருக்கும். வால்வை மூடினால் டாங்கி வெடிக்கும். திறந்து வைத்தால் சரக்கு போகும். அந்த இரண்டுக்கும் நடுவில் வாழ்ந்து பழகியவருக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் அதே புகைதான் தெரிந்தது.

ஒரு முறை என் வீட்டுக்கு வந்தார். வரவேற்பறையில் புது சோபா. புது என்றால் வாங்கி ஒன்பது வருடம். பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை. விருந்தாளி வந்தால் கழற்றலாம் என்று மனைவி, பெரிய விருந்தாளி வந்தால் கழற்றலாம் என்று நான். அவர் உறையின் மேல் உட்கார்ந்து, ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார்.

"உள்ள போய்க்கிட்டிருக்கு," என்றார்.

அவர் போன பிறகு கோபத்தில் உறையைக் கிழித்தோம். உள்ளே பஞ்சு மாவாக உதிர்ந்திருந்தது. அதற்கப்புறம் என் மனைவி அவரை வீட்டுக்குக் கூப்பிடச் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான், எரிபொருளை வானத்தில் சேமித்து வைக்க வேண்டும் என்ற பித்து.

தொழிற்சாலைக்கு எதிரே ஒரு மாமாக் கடை, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை. காலையில் பசியாற அங்கேதான் போவோம். தே தாரிக் என்னும் இழுத்த தேநீர் போடும் பாய், ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குக் கையை விரித்து ஒரு கெஜம் இழுப்பார். ஒரு நாள் இவர் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"பாய், இதே தேயை மேல வானத்துல கொண்டுபோய் இழுத்தா என்னா ஆகும்?"

"அங்க யாரு அண்ணே குடிக்கிறது?"

"குடிக்கிறத விடு. ஊத்தினா விழுமா?"

"விழாம எங்க போகும்?"

"எங்கயும் போகாது. குவளைக்குள்ளயே உருண்டை உருண்டையா மெதக்கும். நீ கவுத்துப் பிடிச்சாலும் வராது. அங்க மேலயும் கெடையாது கீழயும் கெடையாது."

பாய் யோசித்தார். "அப்ப அங்க கடை போட முடியாது லா."

"போடத்தான் போறாங்க," என்றார் இவர், பெரிய குத்தகைக்காரர் மாதிரி.

பிறகு எனக்கு விளக்கினார். நிலாவைத் தாண்டிப் போக நினைக்கும் ராக்கெட், தனக்கு வேண்டிய எரிபொருள் முழுவதையும் தரையிலிருந்தே சுமந்தால், சுமையைத் தூக்குவதிலேயே எரிபொருள் தீர்ந்துவிடும். அதனால் பூமியைச் சுற்றிவரும்படி ஒரு டாங்கியை முன்கூட்டியே மேலே நிறுத்திவைக்க வேண்டும். ராக்கெட் காலி வயிற்றோடு வந்து அதில் நிரப்பிக்கொண்டு கிளம்பும். நெடுஞ்சாலையில் எண்ணெய் நிலையம் மாதிரி. ஆனால் நிரப்புவது திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும். நாள்கணக்கில், மாதக்கணக்கில் ஆவியாகிக்கொண்டே காத்திருக்க வேண்டும். அதோடு, குழாயைத் திறந்தால் வருவது திரவமா வெறும் ஆவியா என்று டாங்கிக்கே தெரியாது. உள்ளே எல்லாம் கலந்து மிதந்துகொண்டிருக்கும்.

"அதுக்கு என்ன செய்றது அண்ணே?"

"டாங்கிய மெதுவா ஒரு தள்ளு தள்ளணும். தள்ளினா திரவம் பூரா பின்பக்கம் போய் ஒதுங்கும். அங்க குழாய வெச்சு உறிஞ்சிக்கலாம்."

நிற்பவர்கள் ஏறி முடிப்பதற்குள் வண்டியைக் கிளப்பி, எல்லோரையும் பின்பக்கம் ஒதுக்கிவிடும் கோலாலம்பூர் மினி பஸ் ஓட்டுநர்கள், இந்தப் பிரச்சினையை எப்போதோ தீர்த்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. அவர் அதையும் அளக்கக் கிளம்பிவிடுவார்.

இதைப் பற்றி வெளிநாட்டு விண்வெளி ஆய்வு நிறுவனம் ஒன்றுக்குப் பதினோரு பக்கம் கடிதம் எழுதியிருந்தார். மூன்று மாதம் கழித்து, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று அச்சடித்த அட்டையும், ராக்கெட் படம் போட்ட ஒரு ஸ்டிக்கரும் வந்தன. ஸ்டிக்கரை மோட்டார் ஹெல்மெட்டில் ஒட்டிக்கொண்டார்.

"கடிதத்தைப் படிச்சாங்களா அண்ணே?"

"எடுத்து வெச்சிருப்பாங்க," என்றார். அவர் வாயில் அதைவிடக் கெட்ட வார்த்தையை நான் கேட்டதில்லை.

அவர் ஓய்வுபெற நான்கு மாதம் இருந்தது. அந்தக் காலத்தில் ஐம்பத்தைந்து ஆனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நாடு தனக்கென்று ஒரு செயற்கைக்கோள் விடப்போவதாகப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த நேரம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஆண்டு விழா. நான் துணைச் செயலாளர். சிறப்பு விருந்தினராக ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் வர ஒப்புக்கொண்டிருந்தார். எந்திரவியல் படித்தவர், செயற்கைக்கோள் சம்பந்தப்பட்ட ஏதோ குழுவிலும் இருந்தார். இதைக் கேட்டதும் இவர் என் மேசைக்கு வந்து நின்றார். கையில் ஒரு பச்சைக் கோப்பு.

"இருபது நிமிசம் கொடுங்க தம்பி. குழாய் வழியா நைட்ரஜன் மாத்திக் காட்டுறேன். அவரு படிச்சவரு. பார்த்துட்டு, இது சரி, இல்ல இது தப்புன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். வேலைய விட்டு வந்துட்டா என்னை யாரு உள்ள விடுவா? அளக்கிறதுக்குச் சரக்குக்கு எங்க போவேன்?"

நிகழ்ச்சி நிரலில் போட்டேன். தலைவர் உரைக்கு அடுத்து, "விண்வெளியில் எரிபொருள்: செயல்முறை விளக்கம்". மேனேஜர் ஒரு பானை அளவு நைட்ரஜனை எடுத்துப்போக அனுமதித்தார். ஆனால் அதற்கென்றே செய்த பாத்திரம் தொழிற்சாலைச் சொத்து. அது வாசலைத் தாண்டக் கூடாது. பாதுகாக்க வேண்டியது சரக்கையா பாத்திரத்தையா என்ற கேள்விக்கு நிர்வாகங்கள் இப்படித்தான் பதில் சொல்லும். அதனால் அவர் ஒரு எவர்சில்வர் பானையை, பாசாரில் மீன்காரர்கள் ஐஸ் போடும் வெள்ளை நுரைப் பெட்டிக்குள் இறக்கி, புகை போக மூடியில் ஓட்டை போட்டு, தாமே ஒரு டாங்கி செய்துகொண்டார்.

"ஆக்சிஜன் எடுத்தா இன்னும் பொருத்தமா இருக்குமே அண்ணே?"

"உங்க விழாவில குத்துவிளக்கு ஏத்துவீங்க. சூடம் காட்டுவீங்க. பக்கத்துல ஆக்சிஜன் வெச்சா நாம எல்லாருமே மேல போயிரலாம்."

அளப்பதற்கு ஒரு பள்ளிக்கூட மரக்கோல், ஒரு அடி நீளம். அதைப் பானைக்குள் விட்டு எடுத்துக் காற்றில் ஆட்டினால், திரவம் பட்ட உயரம் வரை வெள்ளையாகப் பனி பூக்கும். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. மூன்றாவது அங்குலத்தில் மட்டும் ஏற்கெனவே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டிருந்தார்.

"இதுக்குக் கீழ போயிட்டா வேலைக்கு ஆகாது தம்பி. குழாய் சூடா இருக்கும். முதல்ல ஊத்துறதெல்லாம் குழாயக் குளிரவைக்கவே போயிரும். உங்க சங்கத்து நிகழ்ச்சி மாதிரிதான், முதல் பாதி குழாய்க்கு. மூணு அங்குலம் இருந்தா மறுபக்கம் ஒரு டம்ளராவது சொட்டும். சரி, கூட்டம் எவ்வளவு தாமதமாகும்?"

"அரை மணி நேரம்," என்றேன்.

"ஒன்றரை மணி நேரத்துக்கு வெச்சிருக்கேன்."

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் சங்கத்தைப் பற்றி அவ்வளவு மட்டமான அபிப்பிராயம் கூடாது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், மழையில், என் காரின் நாலு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டுக்கொண்டு கிள்ளானிலிருந்து கிளம்பினோம். நைட்ரஜன் புகை காருக்குள் தேங்கினால் மூச்சு அடைக்கும். அதனால் நனைவதே ஆரோக்கியம். பெட்டி அவர் மடியில். சிக்னலில் பக்கத்தில் நின்ற மோட்டார்காரன், மூடியின் ஓட்டையிலிருந்து வரும் புகையைப் பார்த்து, "சூடா இருக்கா அங்கிள், என்னா சாப்பாடு?" என்று கேட்டான். இரண்டரைக்கு மண்டபத்தில் கோலை விட்டுப் பார்த்தார். ஏழு அங்குலம்.

மூன்று மணிக்கு விழா. விருந்தினர் நாலேகாலுக்கு வந்தார். வழியெல்லாம் ஜாம். யார் தப்பும் இல்லை. நாலரை அங்குலம்.

குத்துவிளக்கு, தமிழ் வாழ்த்து, சங்கப் பாடல். நாலேகால் அங்குலம்.

பிறகு வரவேற்புரை. அது என்னுடையது. ஐந்து நிமிடம் என்று நிரலில் நானே போட்டிருந்தேன். இரண்டு வாரமாகக் கண்ணாடி முன் பயிற்சி செய்த உரை. அதைப் பதிவுசெய்ய ஒரு வீடியோகாரரையும் ஏற்பாடு செய்திருந்தேன். சங்கத்தின் வரலாற்றுக்காக என்று கூட்டத்தில் சொல்லிக்கொண்டேன். வீடியோகாரர் கொண்டுவந்த விளக்கு ஒரு சின்னச் சூரியன். மேடையில் எனக்கு இடப்பக்கம் நுரைப் பெட்டி, அதன் பின்னால் நாற்காலி நுனியில் அவர். சூரியன் எங்கள் இருவர்மேலும் பாரபட்சமில்லாமல் அடித்தது.

வந்திருந்தவர்களை ஒவ்வொருவராக வரவேற்றேன். வராதவர்களைப் பெயர் சொல்லி வருந்தினேன். நடுவில் ஒரு நகைச்சுவை, கூட்டம் சிரித்தது. ஒரு மனிதன் ஐந்து நிமிடத்தில் நிறுத்திக்கொள்வதற்கு அதைவிடப் பெரிய தடை கிடையாது. ஓரக்கண்ணில் அவர் கோலை விடுவதும், எடுத்து ஆட்டுவதும், பென்சிலால் கோடு போடுவதும் தெரிந்தது. ஒரு முறை என்னைப் பார்த்து மெல்ல மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துப் பேசும் பழக்கம் எனக்கு அன்றைக்குத்தான் வந்திருந்தது. அதைப் பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

நான் உட்கார்ந்ததும் தலைவர் எழுந்தார். ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி; பிரிக்பீல்ட்ஸிலேயே நீண்ட பேச்சுக்குப் பேர் போனவர். அன்று தொண்டைக் கட்டு. சீக்கிரம் முடித்துவிட்டார். அடுத்தது இவர் முறை. இவர் எழுந்தும்விட்டார். அப்போது யாரோ பொன்னாடைத் தட்டை மேடைக்கு அனுப்பிவிட்டார்கள். போர்த்த வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது எங்கள் ஊரில் சண்டைக்குச் சமம். பேராசிரியருக்கு ஏழு பொன்னாடை, ஏழு புகைப்படம். வீடியோகாரர் விளக்கைத் தூக்கிக்கொண்டு இன்னும் நெருங்கினார்.

இவர் பெட்டியை விட்டுத் தலைவரின் காதருகே போனார். "போஸ், ஒரு பொன்னாடை கொடுங்க. இந்த லைட்ட மறைக்கணும்."

"மீன் பெட்டிக்கா?" என்றார் தலைவர்.

"மேல வானத்துல நிக்கிற டாங்கிக்கும் இதேதான் போஸ். வெயில் படாம இருக்கத் தங்கக் கலர்ல பளபளன்னு போத்தி விடுவாங்க. அதுங்களாவது போட்ட வேலையச் செய்யுது."

தலைவர் திரும்பிக்கொண்டார். பேராசிரியர் தம் தோளிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். ஜரிகை வெளியே தெரியும்படி இவர் அதைப் பெட்டிக்குப் போர்த்தினார். விழாவில் பேராசிரியருக்கு அடுத்து முழு மரியாதை பெற்ற ஆள் அந்தப் பெட்டிதான்.

அவர் பெயரைக் கூப்பிட்டபோது மணி ஐந்தரை. ஆறு மணிக்கு மண்டபத்தைக் கல்யாண வரவேற்புக்கு விட வேண்டும். பின்வாசலில் நாற்காலிகள் இறங்கத் தொடங்கியிருந்தன. அவர் கடைசியாக ஒரு முறை கோலை விட்டு எடுத்தார். சிவப்புக் கோட்டில் பனி இல்லை. வெகு கீழே இருந்தது.

உள்ளே இருப்பது போதாது என்று அந்த மண்டபத்தில் அவருக்கு மட்டும்தான் தெரியும். ஏதாவது சாக்குச் சொல்லி உட்கார்ந்திருக்கலாம். மைக்கைப் பிடித்து, "இது குழாய். இப்ப சூடா இருக்கு," என்றார். பானையைத் தூக்கிப் புனலில் ஊற்றினார். குழாய் சீறியது, நடுங்கியது, பாதி நீளத்துக்கு வெள்ளை பூத்தது. மேடை முழுக்கப் பனிமூட்டம் பரவி, முன்வரிசை அம்மாக்களின் காலடிவரை இறங்கியது. மறுமுனையில் கண்ணாடி டம்ளர். அதில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

மண்டபம் அதிரக் கைதட்டியது. சினிமா டான்ஸில் வருவதைவிட நன்றாக இருந்தது என்று ஒருவர் என்னிடம் வந்து சொன்னார். மொத்தக் கூட்டத்தில் கைதட்டாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவர். இன்னொருவர், எழுந்து வந்து அந்தக் காலி டம்ளரைக் குனிந்து பார்த்த பேராசிரியர்.

"வரலையே," என்றார் பேராசிரியர்.

"வராது டாக்டர். மூணு அங்குலம் வேணும். ஒன்னே முக்கால்தான் இருந்திச்சு." பச்சைக் கோப்பை நீட்டினார். "கணக்கு இதுல இருக்கு."

பேராசிரியர் வாங்கினார். வெளியே கார் காத்திருந்தது. தலைவர் தேநீரோடும் புகைப்படக்காரரோடும் காத்திருந்தார். "ரொம்ப நல்ல முயற்சி அண்ணே. எடுத்து வெச்சுக்கிறேன். நேரம் கிடைக்கும்போது…"

அவர் கோப்பை விடவில்லை. ஒரு முனை பேராசிரியர் கையில், மறுமுனை இவர் கையில்.

"எடுத்து வெக்காதீங்க டாக்டர். வெச்சா போயிரும். இங்கயே ரெண்டு பக்கம் படிச்சிருங்க. தப்புன்னா தப்புன்னு சொல்லிருங்க."

பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கல்யாணக்காரர்கள் இறக்கிய நாற்காலிகளில் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுற்றிலும் மேசைவிரிப்பு போட்டார்கள், பூக்கம்பம் நட்டார்கள். தலைவர் கையில் தேநீர் ஆறியது. இரண்டு பக்கம் ஏழு பக்கமானது. ஏழாவது பக்கத்தில் பேராசிரியர் பேனாவை எடுத்தார்.

"இங்க தப்பு அண்ணே."

அவர் குனிந்தார். மோதிரத்தை அடகுக் கடைக்காரர் உரசும்போது பார்ப்பவர் முகம் மாதிரி இருந்தது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு ஆவியாகும்னு கிள்ளான்ல அளந்ததையே மேலயும் போட்டிருக்கீங்க. கிள்ளான்ல சுத்தி காத்து இருக்கு, அது சூட்டைக் கொண்டுவந்து கொடுத்துக்கிட்டே இருக்கும். மேல ஏது காத்து? வெயிலையும் பூமியிலேருந்து வர்ற சூட்டையும் மறைச்சிட்டா, இவ்வளவு போகாதே."

முப்பது வருடம் காற்றையே விற்றவர், மேலே காற்று இல்லை என்பதை மறந்துவிட்டார். வாயில் கைவைத்துக்கொண்டு நின்றார். பிறகு சிரித்தார். அவர் பல்லை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன்.

"அப்ப நான் போட்டத விடக் கம்மியாத்தான் போகும்?"

"ரொம்பக் கம்மி. மத்த ஆறு பக்கமும் சரியாத்தான் இருக்கு."

பேராசிரியர் திருத்திய இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கோப்பைத் திருப்பிக் கொடுத்தார். அதை வைத்து நாடு எதுவும் செய்யவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. பானை காலி, கண்ணாடிகளை ஏற்றிக்கொள்ளலாம். வீட்டு வாசலில் இறங்கியவர், சட்டைப்பையிலிருந்து மரக்கோலை எடுத்து என்னிடம் கொடுத்தார். "சங்கத்துக்கு வெச்சுக்கங்க," என்றார். அவர் எதையும் வைத்துக்கொள்ளச் சொன்னது அந்த ஒரு முறைதான்.

காரின் உள்விளக்கில் பார்த்தேன். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் பொடி எழுத்தில் குறிப்பு. ஜாம், இரண்டரை அங்குலம். விளக்கு ஏற்றியது, கால். தலைவர், அரை. ஏழு பொன்னாடை, அரை. வரவேற்புரை, ஒன்றரை. அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், 'ஒதுக்கியது கால்'.

கூட்டிப் பார்க்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. நான் கால் அங்குலத்தில் நிறுத்தியிருந்தால், அவர் முறை வந்தபோது பனி சரியாகச் சிவப்புக் கோட்டில் நின்றிருக்கும்.

"அண்ணே, கோபமா?"

"எதுக்கு? நல்லாத்தான் பேசினீங்க. எவ்வளவுன்னு தெரிஞ்சிக்கங்க, அவ்வளவுதான்." கதவைச் சாத்தினார்.

இப்போதும் என்னைக் கூட்டங்களுக்கு அழைக்கிறார்கள். தலையில் போக வேண்டியது எல்லாம் போய்விட்டதால் பார்ப்பதற்கு அறிஞன் மாதிரி இருக்கிறேன். மேடை ஏறும்போது அந்தக் கோலைச் சட்டைப்பையில் செருகிக்கொள்கிறேன். பாதிக்குமேல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அது என்ன என்று யாராவது கேட்டால் விளக்குகிறேன். விளக்கி முடிக்க அரை அங்குலம் ஆகிவிடுகிறது.